கோர் 2 டுவோவில் கூத்துப் பாட்டு பதியலாமா?

கேள்வி: முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பப்பா காத்தவராயன் கூத்தில் ஆடிப் பாடியவர். இப்போது வயது 78. அவருக்குத் தெரிந்த பாட்டுகளை வீட்டிலேயே பதிந்து வைக்க விரும்புகிறேன். ஆர்மோனியம், மிருதங்கம், உடுக்கு வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு கந்தோரில் கழித்துவிட்ட டெஸ்க்ரொப்: கோர் 2 டுவோ, 4 ஜீபி றாம், 500 ஜீபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 7. பிஎம்-800 மைக் ஒன்று வாங்கி, பின்பக்க மைக் துளையில் செருகிப் பதிந்து பார்த்தேன். ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல், இடையிடையே ‘டிக் டிக்’ என்ற வெடிப்பு, ஹெட்போனில் குரலும் பிந்திக் கேட்கிறது. கடையில் கேட்டால் ‘இது உதவாது, புது ஐ5 போடுங்கோ’ என்கிறார்கள். 50,000 ரூபாவுக்கு மேல் என்னால் முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: புது மெசின் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் இரண்டு புது ஐ5 இலும் அப்படியே வரும். ஏனென்றால் அவை கம்பியூட்டரின் வேகத்தால் வந்தவை இல்லை.

ஒலியைப் பதிவது கம்பியூட்டருக்குச் சின்ன வேலை. 44.1 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கைப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி வரும். இரண்டு மைக், ஒரு மணி நேரம் என்றாலும் 1 ஜீபியைத் தாண்டாது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஹாட் டிஸ்க்கும் இதைச் சிரமமில்லாமல் எழுதிவிடும். பதிந்ததை எடுத்து எதிரொலி சேர்ப்பது, செயற்கை வாத்தியங்களை ஓட்டுவது போன்ற வேலைகளில்தான் பழைய புறொசெசர் திணறும். உங்கள் வேலையில் அது மிகக் குறைவு. மனிதர் பாடுகிறார், மனிதர் வாசிக்கிறார்.

முதலில் அந்த ‘ம்ம்’. பிஎம்-800 மைக்கில் பெரும்பாலானவை கொண்டென்சர் வகை, 48 வோல்ட் கிடைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மதர்போட்டின் மைக் துளை சில வோல்ட்தான் கொடுக்கும். சத்தம் போதாமல் விண்டோஸில் ‘மைக் பூஸ்ட்’டை 20, 30 டெசிபல் ஏற்றியிருப்பீர்கள். ஏற்றும்போது குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. மைக்கோடு வந்த 3.5 மில்லிமீற்றர் வயரும் வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் முனகலை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஆகவே மைக்கை எறிய வேண்டாம், அந்த வயரை ஒதுக்குங்கள். மைக்கின் அடியில் மூன்று ஊசி இருக்கும். அதற்கு இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசிச் செருகி உள்ள வயர் வாங்கி, 48 வோல்ட் கொடுக்கும் ஓடியோ இன்ரபேஸ் (மைக்கைக் கம்பியூட்டரோடு யூஎஸ்பியில் இணைக்கும் சிறு பெட்டி) ஒன்றில் செருகுங்கள். அதே மைக்கா இது என்று கேட்பீர்கள்.

அப்படியும் முனகல் போகாவிட்டால் எர்த்தைப் பாருங்கள். கம்பியூட்டர் பெட்டியின் பெயின்ற் இல்லாத இடத்தில் புறங்கையை வைத்தால் மெல்லச் சுள்ளென்று இருக்கிறதா? எர்த் இல்லாத வீட்டில் பவர் சப்ளையின் வடிகட்டி வழியாக 230 வோல்ட்டில் பாதியளவு அழுத்தம் பெட்டிக்கு வந்து நிற்கும். ஓட்டம் மிகச் சிறியது. ஆனாலும் அதே உலோகம் மைக்கின் கூடு வரை தொடர்கிறது, பாடுகிறவரின் உதடு அதில் முட்டும். 78 வயதுக்காரரை அங்கே நிறுத்த வேண்டாம். வன்னியில் ஆடி ஆவணியில் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பி நட்டிருந்தும் வேலை செய்யாமல் போவதுண்டு. கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் அன்றைய பொழுதுக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய வயர்மன் ஒருவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முனகல் போய்விடும் என்று யாராவது சொன்னாலும் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டாதீர்கள்.

குரல் பிந்துவதற்கு வருவோம். மைக்கில் போன ஒலி கம்பியூட்டருக்குள் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. அந்தத் துண்டின் அளவுதான் ‘பஃபர் சைஸ்’. 1024 என்று இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 23 மில்லிசெக்கன். 256 என்றால் ஏறக்குறைய 6. விண்டோஸின் பழைய ஒலிவழியான எம்எம்ஈ இதற்கு மேலே இன்னும் தாமதத்தைச் சேர்க்கும். எல்லாரும் உடனே பஃபர் சைஸை 64க்கு இறக்கப் பார்ப்பார்கள். பழைய புறொசெசரில் அப்படிச் செய்தால் வெடிப்புத்தான் கூடும். இன்ரபேஸில் ‘டைரெக்ட் மொனிற்றர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குரல் கம்பியூட்டருக்குள் போய்வராமல் நேரே ஹெட்போனுக்கு வரும், தாமதமே இராது. பஃபர் சைஸ் 1024இல் நிம்மதியாக இருக்கட்டும். அந்தப் பொத்தானை அழுத்தினால் பதியும் மென்பொருளில் அந்த ட்றாக்கின் மொனிற்றரை (குரலைத் திருப்பிக் கேட்க வைக்கும் வசதியை) அணைத்துவிட வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். மெசின் பழுதென்று நினைத்துவிடுவீர்கள்.

‘டிக் டிக்’தான் கம்பியூட்டரின் குற்றமாக இருக்கக்கூடியது. அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் வீடு தகரக் கூரை என்றால், வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் விரிந்து சுருங்கி ‘டக்’ என்று போடும். பதிவிலும் அது வெடிப்பு மாதிரியே கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரைச் சத்தத்துக்கு ஒரு வால் இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். கம்பியூட்டர் தவறவிட்ட இடத்தில் கோடு கத்தியால் வெட்டியதுபோல முறிந்து, அடுத்த கணமே வேறோர் உயரத்தில் தொடங்கும்.

முறிவுதான் என்றால், ‘லேற்றன்சிமொன்’ என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிறைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) புறொசெசரை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று அது பெயரோடு காட்டும். பழைய மெசின்களில் பெரும்பாலும் மாட்டுவது யூஎஸ்பி வைபை டொங்கிளின் டிறைவர். பதியும் நேரத்தில் அதைக் கழற்றி வையுங்கள். பவர் ஒப்ஷனில் ‘ஹை பெர்போமன்ஸ்’ தெரிவுசெய்து, அதன் உள்ளே யூஎஸ்பி தானாக உறங்கும் வசதியை நிறுத்துங்கள். இன்ரபேஸைப் பெட்டியின் பின்பக்கம் மதர்போட்டில் நேரே உள்ள துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளை வேண்டாம், ஹப் வேண்டவே வேண்டாம். விண்டோஸின் சவுண்ட் பகுதியில் 48,000 என்றும் மென்பொருளில் 44,100 என்றும் இருந்தாலும் கோளாறு வரும். இரண்டையும் 44,100 ஆக்குங்கள். ஒரு கருவியில் பதிந்துகொண்டு இன்னொன்றில் கேட்பதும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று தவறவிடும். ஹெட்போனும் இன்ரபேஸிலேயே இருக்கட்டும்.

பிறகு தூசு. வன்னிச் செம்மண் கந்தோர்ப் பெட்டிக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று திறந்தால் தெரியும். புறொசெசர் மேலிருக்கும் விசிறிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையில் தூசு கம்பளிபோலப் படிந்திருந்தால் சூடு வெளியேறாது. சூடு அளவு மீறி ஏறும்போது புறொசெசர் தன்னைக் காப்பாற்றத் தன் வேகத்தைக் குறைக்கலாம், பதிவு அந்த இடத்தில் முறியும். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தூரிகையாலும் காற்றாலும் துப்புரவாக்குங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விசிறியைக் கழற்றினால் பழைய பசையை வழித்தெடுத்து, புதிதாக ஒரு பயறளவு தேர்மல் பேஸ்ற் வைக்க வேண்டும். இன்ரெல் விசிறியின் நாலு மூலையிலும் உள்ள பிளாஸ்ரிக் கால்கள் பழசானால் பட்டென்று ஒடியும். திரும்பப் பூட்டும்போது எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். கம்பியூட்டரின் திகதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். எந்தப் பதிவு எந்த நாளில் என்பது உங்களுக்கு நாளைக்கு வேண்டியிருக்கும்.

காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது? முதலில் இன்ரபேஸ். இரண்டு மைக் செருகக்கூடியதாக வாங்குங்கள். பெரிங்கர் யூஎம்சி202எச்டி போன்ற ஒன்று: இரண்டு எக்ஸ்எல்ஆர் துளை, 24 பிட், 48 வோல்ட், டைரெக்ட் மொனிற்றர் எல்லாம் உண்டு. யூஎஸ்பி 2.0 போதும், அது உங்கள் பெட்டியில் இருக்கிறது. பாவித்தது கிடைத்தாலும் பரவாயில்லை, ஆனால் ஹெட்போன் துளையையும் 48 வோல்ட்டையும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். இரண்டாவது, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று. மூன்றாவது, 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் வகை மைக் ஒன்றும் நல்ல எக்ஸ்எல்ஆர் வயர் இரண்டும். வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இதற்குப் பிறகும் காசிருந்தால் 120 அல்லது 240 ஜீபி எஸ்எஸ்டி. பதிவின் தரம் அதனால் உயராது. மெசின் திறந்து மூடும் நேரம் குறையும், எரிச்சல் குறையும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம்.

எஸ்எஸ்டி போடுவதானால் விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே பயோஸில் சாட்டா முறையை ‘ஏஎச்சிஐ’ ஆக்குங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் நீலத்திரை வரும். பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம், பதிவுகளை அதில் வைக்கலாம். ஆனால் ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்போ’ போட்டுப் பார்த்து மஞ்சள் அடையாளம் காட்டினால் ஒரு பாட்டைக்கூட அதில் நம்பி வைக்காதீர்கள்.

விண்டோஸ் 7ஐ மாற்றச் சொல்வார்கள். மைக்ரோசொப்ற் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது, ஆகவே அதை இன்ரர்நெட்டில் விட வேண்டாம். இணைப்பில்லாமல், பதிவுக்கு மட்டும் என்றால் இன்னும் உதவும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோவில் இயங்கவே இயங்காது, அது கேட்கும் கட்டளைகள் இந்தப் புறொசெசரில் இல்லை. விண்டோஸ் 7இல் இன்ரபேஸின் டிறைவரை ஏற்றிய பிறகும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 52’ என்ற பிழையும் வந்தால் கருவி பழுதென்று திருப்பிக் கொடுக்காதீர்கள். புதுக் கையொப்ப முறையை விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். சேர்விஸ் பாக் 1 இருக்கிறதா என்று பார்த்து, கேபி3033929 என்ற அப்டேற்றை வேறு கம்பியூட்டரில் இறக்கிப் பென்டிறைவில் கொண்டுவந்து ஏற்றுங்கள். விண்டோஸே வேண்டாம் என்றால் எக்ஸ்எப்சிஈ முகப்புள்ள லினக்ஸ் ஒன்று போடலாம். பொதுத்தரத்தில் இயங்கும் இன்ரபேஸ்களுக்கு அங்கே டிறைவரே தேவையில்லை.

மென்பொருளுக்கு றீப்பர். பழைய விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், சிறியது, 60 நாள் முழு வசதியோடும் பரிசோதிக்கலாம். அதன் பிறகு தனியாளுக்கான உரிமம் 60 டொலர். இப்போதைக்கு அதுவும் கூடுதல் என்றால் ஒடாசிற்றியின் பழைய பதிப்பொன்று போதும்.

மைக்கை வைக்கும் இடம்தான் கம்பியூட்டரைவிடப் பெரிய விசயம். சுவரும் நிலமும் சீமெந்தாக இருக்கும் அறையில் கையைத் தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று திரும்பி வந்தால் அது எல்லாப் பதிவிலும் விழும். பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. பாடுகிறவரின் முதுகுப்பக்கம் பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். பக்கங்களில் தடித்த போர்வையைச் சுவரில் ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளிக் கட்டுங்கள். மெல்லிய சேலை, பெட்சீற் எல்லாம் பெயருக்குத்தான். அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டில் அடுக்கியிருந்தால் அந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒலி நேரே திரும்பாமல் சிதறும்.

நேரத்தைப் பொறுத்தவரை இரவுதான் அமைதி என்று முடிவெடுத்துவிடாதீர்கள். சில்வண்டுச் சத்தம் குரலின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் பகுதியிலேயே இருப்பதால் அதை வடித்தால் குரலும் மொட்டையாகும். மாரியில் தவளை, மாசி பங்குனியில் அறுவடை மெசின், விடிய மயில். ஒரு நாள் முழுதும் மூன்று மணிக்கொரு தடவை ஐந்து நிமிட வெறும் அமைதியைப் பதிந்து கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு எது நல்ல நேரம் என்று அதுவே சொல்லும். விசிறியை நிறுத்த வேண்டும், கம்பியூட்டர் பெட்டியை அடுத்த அறையில் வைக்க வேண்டும். பிஎம்-800 அதன் விசிறிச் சத்தத்தையும் பிடிக்கும்.

கூத்துப் பாடியவர்கள் மைக்கை வாயருகே பிடித்துப் பழகியவர்கள் இல்லை. தலையைத் திருப்புவார்கள், கை எழும், உச்சத்தில் குரல் இரட்டிக்கும். ஆகவே அப்பப்பாவுக்கு பிஎம்-800தான் பொருத்தம். வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, மூக்கின் உயரத்தில் வைத்து, கொஞ்சம் கீழே சரித்து விடுங்கள். கதிரையில் இருக்கச் சொல்லாமல் நின்று பாட முடியுமானால் நிற்கவிடுங்கள், மூச்சு நன்றாக வரும். மற்ற மைக்கான டைனமிக்கை மிருதங்கத்துக்கு முன்னால் முழ உயரத்தில், வலந்தலையின் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். உடுக்கு சட்டென்று எகிறும். அதன் உச்ச அடி மென்பொருளின் அளவுகோலில் -12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். சிவப்பில் முட்டிய ஒலியை மீட்க வழியில்லை, குறைவாகப் பதிந்ததை 24 பிட்டில் பிறகு தாராளமாக உயர்த்தலாம். சல்லாரித் தாளத்தை இரண்டு மைக்கிலிருந்தும் தூரத்தில், அறையின் மூலையில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பாட்டு முழுதும் அதுவாகவே இருக்கும்.

தாளம் தட்டும் மெற்றோனோமைப் போட்டு ஒவ்வொருவராகப் பதியலாம் என்று யாராவது சொல்வார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. காத்தவராயன் கூத்தின் சிந்துநடையில் பாடுகிறவர் வேகத்தை இழுப்பார், தள்ளுவார், மிருதங்கம் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் போகும். அப்பப்பா, ஆர்மோனியம், மிருதங்கம் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி இருந்து ஒன்றாகவே பதியுங்கள். ஆர்மோனியத்துக்குத் தனி மைக் தேவையில்லை, அப்பப்பாவின் மைக்கில் விழுவது போதும். கூடினால் வாசிக்கிறவரை ஓரடி பின்னுக்கு நகர்த்துங்கள். இரண்டு மைக்குக்கும் இடைப்பட்ட தூரம், ஒரு மைக்குக்கும் அதற்குரியவருக்கும் உள்ள தூரத்தைவிட மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் குரல் இரண்டு வழியாலும் வந்து உள்ளீடற்றுப் போகும். பிற்பாட்டையும் உடுக்கையும் அடுத்த சுற்றில், முதற் பதிவை ஹெட்போனில் கேட்டபடி சேர்க்கலாம்.

அந்த இரண்டாம் சுற்றுக்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். முதல் ட்றாக்கில் ஒரேயொரு கூர்மையான தட்டுச் சத்தத்தை வையுங்கள். ஹெட்போனை மைக்கோடு முட்டவைத்து, அந்தத் தட்டு ஒலிக்கும்போது அதை இரண்டாவது ட்றாக்கில் பதியுங்கள். இரண்டையும் பெரிதாக்கி, தட்டின் தொடக்கங்களுக்கு இடையே எத்தனை சாம்பிள் (ஒரு செக்கனுக்கு 44,100 வரும் ஒலித் துணுக்கு) வித்தியாசம் என்று அளவிடுங்கள். 600 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 14 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. உடுக்கில் அந்தளவு பிந்தினால் வாசித்தவருக்கே கோபம் வரும். றீப்பரின் பிறிபரன்சஸில் ஓடியோ, அதற்குள் றெக்கோர்டிங் பகுதியில் கையால் இடும் ஒப்செற் பெட்டி இருக்கிறது. அந்த எண்ணை அங்கே போட்டு மீண்டும் சோதியுங்கள். இடைவெளி குறையாமல் இரட்டித்தால் எண்ணுக்கு முன் கழித்தல் அடையாளம் போடுங்கள். பஃபர் சைஸை மாற்றினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஆகவே 1024ஐ மாற்றாதீர்கள்.

பதிந்து முடிந்த பின் செய்வது கொஞ்சம்தான். குரலில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். எதிரொலி வேண்டுமென்றால் ஒவ்வொரு ட்றாக்கிலும் ஒன்றென்று போடாமல் தனி ட்றாக்கில் ஒன்றை மட்டும் போட்டு எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். மெசின் திணறினால் முடிந்த ட்றாக்கை ‘பிறீஸ்’ செய்யுங்கள், விளைவுகளோடு சேர்த்து ஒரு கோப்பாக எழுதிவைத்துப் புறொசெசரை விடுவித்துவிடும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கும்போது சுவிச்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் 650 விஏ யூபிஎஸ் ஒன்று கோப்பைச் சேமித்து மூடச் சில நிமிடம் தரும். யூபிஎஸ் வரும்வரை ஒவ்வொரு பாட்டையும் தனிக் கோப்பாகப் பதியுங்கள். இரண்டு மணி நேரத்தை ஒரே ஓட்டமாகப் பதிந்து கடைசியில் கரண்ட் போனால் முழுதும் போகலாம்.

இவையெல்லாம் வாங்கிப் பூட்ட மாதக்கணக்காகும். அதுவரை அப்பப்பாவைக் காக்க வைக்க வேண்டாம். உங்கள் போனை பிளைட் மோட்டில் போட்டு, வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில் பதியும் செயலி ஒன்றால், மூன்றடி தள்ளி ஒரு தலையணைமேல் வைத்து இந்தக் கிழமையே பதியத் தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் என்ன பாட்டு, கூத்தில் யார் பாடும் இடம், அன்றைய திகதி என்ன என்பதை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது மாறாது. வேவ் கோப்புகளை ஹாட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் இருக்கும் பென்டிறைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள்.